மோதியது புழுதி மட்டும்

மூன்றாம் ஆண்டு வறட்சி.
சதர்லாந்தில் ஜூலை,
தொட்டித் தண்ணீரில் விரற்கடைத் தடிமனுக்குப் பனிக்கட்டி.
இரவுக் காற்றில் வேலி சாய்ந்து கிடந்ததை
நாங்களும் பார்க்கவில்லை, ஃப்ளிப் ஆரிஸும் பார்க்கவில்லை.

மதியம் அவனுடைய முந்நூறு ஆடுகளும்
எங்களுடைய இருநூற்றுச் சொச்சமும்
எதிரெதிரே ஓடி வந்தன.
கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது
ஓர் ஆடும் ஓர் ஆட்டின்மேல் முட்டியிருக்கவில்லை.
விரல்களுக்குள் விரல்கள் நுழைவதுபோல் நுழைந்து
மறுபக்கம் வெளியேறிக்கொண்டிருந்தன.
மோதியது புழுதி மட்டும்.
அவற்றின் புழுதியும் இவற்றின் புழுதியும்
நடுவில் சிக்கி, ஒன்றையொன்று நெரித்து,
சாய்வெயிலில் செம்பாய்ப் பற்றி எரிந்தது.

அந்திக்கு மலையேறினேன்.
கண்ணாடியைத் திருப்புவது என் வேலை.
பார்ப்பது ஹல்ஷ்காவின் வேலை;
அவள் இருப்பது போலந்தில், பத்தாம் மாடியில்.
நாங்கள் சந்தித்ததே இல்லை.
அவள் எண்கள் அனுப்புவாள், நான் வானத்தை அனுப்புவேன்.

காக்கை என்று வரைபடம் சொல்லும்
நான்கு நட்சத்திரங்களுக்குக் கீழே அன்றைய எண்கள்.
திரையில் ஏறியது:
இரண்டு திரள்கள் முகத்தோடு முகம் புதைத்து,
பின்னால் இரண்டு நீள வால்கள்
பூச்சியின் மீசைபோல் வளைந்து.
கோடிக்கணக்கான ஆண்டுகள் நடக்கும் காரியம்.
ஓர் இரவில் ஓர் இழைகூட அசையாது.

'விண்மீன்கள் இடித்துக்கொள்ளாது, ரொலீன்,'
கேட்காமலே எழுதினாள்.
'கண்டத்துக்கு ஒரு தேனீ விட்டால்
தேனீக்கள் இடித்துக்கொள்ளுமா?
வாயுதான் மோதும். மோதிய இடத்தில் நெரிந்து
புது நட்சத்திரங்கள் பிறக்கும். அந்த நீலப் புள்ளிகளைப் பார்.'

'தெரியும், இன்று மதியம் பார்த்தேன்'
என்று தட்டினேன்.
அனுப்பாமல் அழித்தேன்.

வால் எப்படி முளைக்கிறது என்பதும் தெரியும்.
அருகில் நிற்பது அதிகம் இழுபடும்,
தூரத்தில் நிற்பது பிந்தும்.
எங்கள் நொண்டிப் பெட்டையும் அதன் குட்டியும்
அரை மைல் பின்னால் வந்தன,
கேட்டால் இன்னமும் வந்துகொண்டிருக்கின்றன என்பேன்.

தேநீர் ஆறும்வரை அவள் எழுதிக்கொண்டிருந்தாள்.
சுருளாய் இருப்பது பெரிய இடிபாடு காணாத திரள்.
எல்லாம் ஒரே பக்கம் சுற்றும்.
நேர் நடுவே ஒன்று துளைத்துப் போனால் வளையம்,
அணைநீரில் கல் விழுந்தாற்போல.
சென்டாரசில் ஒன்று,
தான் விழுங்கிய சுருளின் புழுதியை
இன்னும் கறுப்புப் பட்டையாய் இடுப்பில் கட்டிக்கொண்டிருக்கிறது.
ஒத்த எடையில் இரண்டு கலந்துவிட்டால் உருண்டை:
யாரும் யார் பின்னாலும் போவதில்லை.
ஒவ்வொன்றும் தன் சாய்வில், தன் வேகத்தில்.

ஆடுகளைப் பிரிக்க மூன்று நாள் ஆயிற்று.
அவனுடையவற்றுக்குக் காதில் துளை,
எங்களுடையவற்றுக்குக் காது நுனியில் வெட்டு.
பதினொன்றுக்கு இரண்டும் இல்லை.
'நீயே வைத்துக்கொள்' என்றான் ஃப்ளிப்.
'நீ வைத்துக்கொள்' என்றேன்.
அவை நடுவில் நின்று புதரைக் கடித்தன.

பிரித்தோம் என்றுதான் சொல்கிறோம்.
முன்பெல்லாம் எங்கள் மந்தை
மணி கட்டிய கிழட்டுப் பெட்டையின் பின்னால்
ஒற்றைக் கோடாய் வளைந்து வளைந்து தண்ணீருக்கு வரும்.
குன்றின் சரிவில் அந்தத் தடம் வெள்ளையாய்த் தெரியும்.
இப்போது நாலாபக்கமிருந்தும் வருகின்றன.
மணி எங்கோ நடுவில் ஒலிக்கிறது.
தடத்தில் எதுவும் நடப்பதில்லை.

இன்று விடிகாலை, கதவுகளை மூடும் முன்,
மலைமேலிருந்து பார்த்தேன்.
தொட்டியைச் சுற்றி அடர்ந்தும்
விளிம்பில் கலைந்தும்
மங்கலான ஒரு வட்டம்.

'உங்கள் பக்கம் வானம் எப்படி?' என்றாள் ஹல்ஷ்கா.

பதிவேட்டில் எழுதியதையே அவளுக்கும் எழுதினேன்:
தெளிவு.
தரையோரம் கொஞ்சம் புழுதி.