பதினாறு துளை

பெருந்துறை ரோட்டு மஞ்சள் மண்டியில்
பதினொன்றேகாலுக்கு ஏலம் முடியணும்.
பன்னிரண்டாகியும் திரையில் வட்டம் சுற்றுது.
அடுத்தவர் போட்ட விலை யாருக்கும் தெரியாத ஏலம்;
இன்றைக்குத் தன் விலையே தனக்குத் தெரியவில்லை.
"லைன் தூங்குதுங்க" என்றாள்
கணக்கெழுதும் கோதைநாயகி.

தூங்கவில்லை.
மேசைக்கடியில், சாக்குத் தைக்கும் சணல் கண்டுக்குப் பின்னால்
பழைய ஹப்,
பதினாறு துளையிலும் மஞ்சள் தூள் அப்பி.
மோதல் விளக்கு மட்டும்
காய்ச்சல்காரன் கண்ணாட்டம் அணையாமல்.

ஹப்புக்கு ஆள் தெரியாது.
ஒருத்தர் சொன்னதை எல்லார் காதிலும் கத்தும்.
எடைமேடை கத்த,
போன மாசம் மாட்டிய நாலு கேமரா
காலிக் களத்தை நாளெல்லாம் கத்திக் காட்ட,
விரலி பதிமூவாயிரத்து நூறு என்ற ஒரு சொல்
முட்டி விழுந்து, எழுந்து,
மறுபடி முட்டி.

புது ஸ்விட்சைப் பிரித்தேன்.
மண்டிக்கார மயிலசாமி பில்லை இரண்டு தரம் பார்த்தார்.
"இது என்னங்க புதுசாப் பண்ணும்?"
"மடை மாதிரிங்க. யார் காட்டுத் தண்ணியோ
அந்தப் பக்கம் மட்டும் திறக்கும்."
"அப்பக் கடைமடைக்கு?"
"கடைமடைக்கும் இதே வேகந்தானுங்க."
சிரித்தார்.
கீழ்பவானிக் கடைமடையில் ஆறு ஏக்கர் அவருக்கு.
நம்பவில்லை.

கம்பிகளை ஒவ்வொன்றாய் மாற்றினேன்.
முதலில் இதற்கும் யாரையும் தெரியாது;
எல்லாரையும் ஒருதரம் கூப்பிட்டது.
பதில் வந்த துளையைக் குறித்துக்கொண்டது.
அதற்குப் பிறகு கத்தவில்லை.
பச்சைப் புள்ளிகள் தனித்தனியே சிமிட்ட,
நாற்பத்தேழு குவியலுக்கும் விலை வந்து இறங்கியது.
அந்தியூர்க்காரர் ஒருவர் துண்டை உதறி
கையெழுத்துப் போட எழுந்தார்.

ஏழாம் துளைக்காரர் மட்டும் என்னிடம் வந்தார்.
சதாசிவம், வியாபாரி ஒருவரின் குமாஸ்தா.
"முன்னாடி நல்லாத்தானுங்க இருந்துச்சு.
இப்ப எங்க மிஷினுக்கு ஒண்ணும் வர்றதில்லை."
"உங்களுக்கு வரவேண்டியது வருதுங்களா?"
"அது வருது."
கொஞ்சம் நின்றார். போய்விட்டார்.

கோதைநாயகி எதுவும் சொல்லவில்லை.
ரசீதை நீட்டும்போது
பேரேட்டில் ஒரு பக்கத்தை மூடாமல் வைத்திருந்தாள்.
ஆறு வருஷம்.
நல்ல குவியல்தோறும் அதே பெயர்,
அடுத்த விலைக்கு
ஒரு ரூபாய் மேலே.

வண்டி எடுக்கும் முன்
பழைய ஹப்பைக் களத்தோரம் தட்டினேன்.
ஒரு கையளவு கொட்டியது,
யார் யார் காட்டு மஞ்சளோ,
கலந்து.