ஏ-நாற்பதின் தேய்மானக் கணக்கு

மல்லாவியில் என் கராஜ் வாசலில்
உரப்பையைக் கிழித்து விரித்து
கழற்றிய ஒழுங்கிலேயே அடுக்கியிருக்கிறேன்.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
கோழியொன்று நாலாவது பிஸ்ரனைக்
கொத்திப் பார்த்துவிட்டுப் போனது.

மனுசன் எமிலியாம்பிள்ளை ஓடின கார்.
இரணைப்பாலைப் பக்கம் ஆரோ ஒருவரின் வளவில்
சில்லில்லாமல் கிடந்ததை
கச்சேரிக் கடிதம் காட்டி
உழவு மெசின் பெட்டியில் ஏற்றி
றோசலின் கொண்டுவந்தா.
திருத்த எவ்வளவு முடியுமென்று கேட்கவில்லை.
கேட்டது ஒன்றுதான்:
“இது பழுதாகி நின்றதோ, நிற்பாட்டினதோ?”

மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சினை
மண்ணெண்ணெயில் கழுவுவது
ஒருமாதிரித்தான் இருக்கிறது.
பெற்றோல் ஒரு மூடி, ஸ்ராட் பண்ண மட்டும்;
மிச்சமெல்லாம் புகை.
அந்தக் கரி பிஸ்ரன் தலையில்
அடிப்பிடித்த சோறாய் ஒட்டியிருக்கிறது.
சுரண்டினால் கீழே வெட்டெழுத்து: இருபது.
முன்பே ஒருமுறை கடைந்த பிளொக்.

மூன்றாவதில் எழுத்தில்லை.
வேறெதற்கோ வார்த்த பிஸ்ரன்,
அரத்தால் உயரம் குறைத்து இறக்கியிருக்கிறார்கள்.
அரம் போன சாய்வு இன்னும் தெரிகிறது.
இடக்கைக்காரன்.

நூல் கணக்கு இதற்குச் சரிவராது.
மைக்ரோமீற்றரைத் துடைத்து, மூச்சைப் பிடித்து,
சிலிண்டரின் மேல், நடு, அடி. பிறகு குறுக்கே.
வட்டமாய்ப் பிறந்தது முட்டையாகிக் கிடக்கிறது,
அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்பது.
மேல் விளிம்பில் நகம் தடக்குகிறது.
கொப்பியில் எழுதுகிறேன்.

பெயரிங்குகளைக் கவிழ்த்தால்
வெள்ளை தேய்ந்து செம்பு தெரிகிறது.
இரண்டாவதன் முதுகில் ஒரு தகரத் துண்டு,
பால்மா ரின்னில் வெட்டியது,
பசுவின் ஒரு கொம்பும் காதும் அழியாமல்.
அந்த நாளில் அளக்க என்ன இருந்தது?
தட்டி, காது வைத்துக் கேட்டு வெட்டியிருப்பான்.
புத்தகப்படி பிழை.
அந்தப் பிழை எத்தனை மைல் ஓடியதோ.
தேய்மானம் எவ்வளவென்று சொல்லும்,
எங்கே என்று சொல்லாது,
பின்சீற்றில் ஆர் என்றும்.

நாலாவதில் கறள், வளையமாக.
வால்வு திறந்தபடி நின்றதால் மழை இறங்கிய இடம்.
இதைத்தான் பிரித்துப் பார்க்க வேணும்:
ஓடித் தேய்ந்தது மினுங்கும்,
நின்று கெட்டது சிவக்கும்.
சிவப்பையெல்லாம் மனதுக்குள் கழித்தேன்,
அத்தனை மாரியையும் கழித்தேன்.

கிராங் முறியவில்லை. கொன்றொட் நேர்.
பெயரிங் ஒன்றும் இறுகவில்லை.
எண்ணெய்ப் பம்பின் பல்லு முழுசு.
ஹெட்டைக் கவிழ்த்துக் குழிகளில் மண்ணெண்ணெய் ஊற்றி
தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தேன்.
மூன்றில் ஒரு சொட்டும் இறங்கவில்லை,
நாலாவது ஒழுகியது, அது கறளின் வேலை.
புகைத்து, இருமி,
இன்னும் நூறு மைல் போயிருக்கும்.
அந்தப் பக்கம் நூறு மைல் தரை இருக்கவில்லை.

பின்னேரம் றோசலின் வந்து
வேலியில் சைக்கிளைச் சாத்திவிட்டு
உரப்பையருகே குந்தினா.
சொன்னேன்: பழுதில் நிற்கவில்லை அக்கா.
சுவிச்சும் ஓவ் பண்ணித்தான் கிடந்தது.
“ஹான்ட்பிரேக்?”
இழுத்திருந்தது.
அந்த இழுப்பிலேயே கறள் பிடித்திருந்தது.

கொஞ்ச நேரம் பசுவின் காதைப் பார்த்தா.
“அப்ப ஆறுதலாத்தான் இறங்கியிருக்கிறார்.”

அது கொப்பியில் எழுதும் அளவில்லை.
“நாற்பதுக்குக் கடையலாம்,” என்றேன், “வவுனியாவில்.
இந்த பிளொக்குக்கு அதுதான் கடைசிக் கடைசல்.
பிஸ்ரன் நாலும் மாற்ற வேணும்.”
“என்ன முடியும்?”
சொன்னேன். பாதியை எண்ணித் தந்தா,
மீதி நெல்லு வெட்டினபிறகு.

சைக்கிளில் ஏறும்போது கேட்டேன்:
அவருக்கு இடக்கையோ?
“இல்லையே. அவருக்கு ஒரு ஆணி அடிக்கவும் தெரியாது.”

மூன்றாவதை அராவியவன் வேறொருவன்.
அவனைக் கேட்டு
இன்னும் ஒருவரும் இங்கே வரவில்லை.