அட்டையை மலை

காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையில்
சார்ஜர் குவியலுக்கும் பழைய ஜீன்ஸுக்கும் நடுவே
இஞ்ஞாசி விரித்த தார்ப்பாயில்
குப்புறக் கிடந்தது.
ஓரத்தில் விரிசல். பேட்டரி பரவாயில்லை.
"கம்பெனிக்காரன் கைவிட்டுட்டான்மா,
இனிமே இதுக்கு அப்டேட்டு வராது,
அலாரத்துக்கு வெச்சுக்கலாம்."
தொள்ளாயிரத்தில் தொடங்கி அறுநூறுக்கு இறங்கினார்.

நாலு வருஷத்துப் போன்.
என் செருப்பு அதைவிட மூப்பு.

முத்தியால்பேட்டை மாடி அறை.
சேதராப்பட்டில் இரண்டாம் ஷிஃப்ட் முடித்து வந்து
கிளாரிஸின் லேப்டாப்பைக் கடன் வாங்கினேன்.
யாரோ எழுதி, யாரோ திருத்தி,
யாரும் பூட்டாமல் வைத்த நிரல்
கேபிள் வழியாக இறங்கக் காத்திருந்தது.
முதலில் ஓர் எச்சரிக்கை, கறுப்புத் திரையில்:
பூட்டைத் திறந்தால் இந்தக் கருவியை நம்ப முடியாது.
காசு கொடுத்தவள் நான்.
யார் யாரை நம்பவில்லை என்று
அது சொல்லவில்லை.

இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தியதில்
விரல் நுனி வெளுத்தது.
கரண்ட் போகக் கூடாது.
கேபிள் அசையக் கூடாது.
கிளாரிஸ் தும்மக் கூடாது.
அறுபத்திரண்டு சதவீதத்தில் நின்றுவிட்டது.
எம்.ஜி. ரோட்டில் ஒரு லாரி போனது, இன்னொன்று போனது,
அறுபத்து மூன்று.

விழித்ததும் அது
என் பிறந்த தேதியைக் கேட்கவில்லை.
எங்கே இருக்கிறாய் என்று கேட்கவில்லை.
கம்பெனி வாசலிலும் வாடகை வீட்டிலும்
பதில் சொல்லியே பழகியவளுக்கு
ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டியது போல் இருந்தது.
ஐந்தே ஐகான்கள். மற்ற இடம் காலி.

பேங்க் ஆப் மட்டும் உள்ளே வர மாட்டேன் என்றது.
பெரிய மார்க்கெட்டில் மத்தி வாங்கும்போது
நூறு ரூபாய்த் தாளைப் பார்த்துத் தனபாக்கியம் சலித்தாள்:
"போன்லதான் போடேன்."
போன் இருக்கிறது,
அதற்கும் பேங்க்குக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்றேன்.
"எங்க வீட்டுலயும் அப்படித்தான்" என்று
சில்லறை எண்ணினாள்.

பிறகு மெமரி கார்டைச் செருகினேன்.
திரையில் வந்தது:
அட்டையை மலை.

மலைத்துத்தான் போனேன்.
கோரிமேட்டுக்கு மேல்
ஒரு மேடும் பார்க்காத ஊர் இது.
ஆங்கிலச் சொல்லைப் பின்னோக்கித் தேடிப் போனபோது புரிந்தது:
ஏற்றிப் பொருத்து என்பதற்குப் பதில்
அகராதியின் முதல் வரியை எடுத்துப் போட்டிருக்கிறார் ஒருவர்,
நடுராத்திரியில், சம்பளம் இல்லாமல்.
அவரும் ஷிஃப்ட் முடித்து வந்தவராக இருக்கலாம்.

எங்கள் லைனில்
மாத்திரை அட்டையில் ஓர் எழுத்து பிசகினால்
மேலே சொல்லலாம்.
மேலே என்பது மாடி.
அந்தப் படிக்கட்டுக்கு எங்கள் கார்டு வேலை செய்யாது.

இங்கே எல்லாம் திறந்து கிடந்தது.
இரண்டாயிரத்துச் சொச்சமாவது வரி.
மலையை எடுத்துவிட்டு
'இணை' என்று வைத்தேன்.
காரணம் கேட்ட கட்டத்தில் எழுதினேன்:
பாறை இல்லை.

பதினோரு நாள் கழித்துப் பதில்.
ஊர் தெரியாது, ஆணா பெண்ணா தெரியாது.
'இணை' வைஃபைக்கு இருக்கிறதே,
'பொருத்து' என்றால் ஆகாதா?
சாப்பாட்டு நேரத்தில், கையில் சாம்பார் ஈரத்தோடு
யோசித்தேன்.
ஆகும் என்றேன்.

வராது என்ற அப்டேட்
ஒரு வியாழக்கிழமை வந்தது.
அட்டையைப் பொருத்து.
உள்ளே, யாரும் போகாத பக்கத்தில், பெயர்ப் பட்டியல்.
கம்பெனி அடையாள அட்டையில் இடம் போதாமல்
கோகிலா எஸ். ஆக நறுக்கப்பட்டவள்
அங்கே முழுசாக இருந்தேன்:
கோகிலாம்பாள், வில்லியனூர்.

இஞ்ஞாசியிடம் காட்டினேன்.
விரலால் இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தார்.
"ரெண்டாயிரத்துக்குத் திருப்பித் தர்றியா?"

தார்ப்பாயில் இன்னும் ஏழு போன்
குப்புறக் கிடந்தன.
கிளாரிஸ் லேப்டாப்பைக் கேட்பது
புதன்கிழமைதான்.