இறுதிப் பயனர்

நாற்பது பீப்பாய்.
சிப்காட் கோடோனில் வரிசையாய், நீல வண்ணம்,
மூடிமேல் ஈயமுத்திரை.
அஞ்சாபுலி லாரியைப் பின்வாங்கி நிறுத்தி
ஹாரனை ஒருதரம் அடித்துவிட்டு
பீடிக்காக வெளிகேட்டுக்குப் போய்விட்டார்.
உள்ளே தீப்பெட்டிக்கு அனுமதியில்லை.

என் மேசையில் ஒரு தாள்.
'பயன்: பேனா மை.
வேறெதற்கும் பயன்படுத்த மாட்டோம்.
வேறெவருக்கும் கைமாற்ற மாட்டோம்.'
கீழே கையெழுத்து, வட்ட முத்திரை,
முத்திரைக்குள் ஒரு பறவை.

பொய் என்று சொல்லமாட்டேன்.
இந்தத் திரவம் மைக்கும் போவதுதான்.
நான் எழுதிக்கொண்டிருக்கும் பேனாவிலும்
இதில் ஒரு துளி இருக்கலாம்.
இன்னொன்றோடு சேர்ந்தால்
தோலில் கொப்புளம், கண்ணில் இருட்டு.
நூறு வருஷத்துக்கு முன்னால்
பதுங்குகுழிகளுக்குள் கடுகு வாசனையோடு
இறங்கியது அதுதான்.
பீப்பாய்க்குத் தெரியாது தான் எதுவென்று.
தாளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கால்குலேட்டரை எடுத்தேன்.
அந்தச் சின்ன நாட்டின் மொத்த ஜனம்,
ஆளுக்கு வருஷம் பத்துப் பேனா,
கைக்குழந்தைகளையும் சேர்த்தே போட்டேன்.
எழுதித் தீர்க்க
அறுபத்தேழு வருஷம் ஆகிறது.
அவ்வளவு என்ன எழுதப்போகிறார்கள்?

"உரிமம் வந்தாச்சும்மா,
டெல்லிக்காரனே சரின்னுட்டான்.
மெஹருன்னிசாவுக்கு மட்டும் என்ன?"
ரங்கபாஷ்யம் சார் கோபப்படவில்லை,
கடிகாரத்தைத்தான் பார்த்தார்.
வியாழக்கிழமை கப்பல்.

தாளில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன்.
மூன்றாவது தரம் எடுத்தார்கள்.
மை என்றேன்.
எடுத்தவர் யாரையோ கூப்பிட்டார்.
வந்தவர் கேட்டார்:
"எந்த மை?"

அவ்வளவுதான் நடந்தது.
நான் கையெழுத்துப் போடவில்லை.
டெல்லிக்கு ஒரு கடிதம் அடித்தேன்,
அதில் 'எந்த மை' என்பதை அப்படியே எழுதினேன்,
சார் அதை அடித்துவிட்டு
'திருப்திகரமான பதில் இல்லை' என்று மாற்றினார்.
பிறகு அவரும் கையெழுத்திட்டார்.
பீப்பாய்களுக்குத் தார்ப்பாய் போர்த்தினார்கள்.
அஞ்சாபுலி வந்து கேட்டார்
வெயிட்டிங் காசு யாரு தருவா என்று.
பதில் சொல்ல யாருமில்லை அங்கே,
என்னைத் தவிர.

ஆறரை டவுன் பஸ்.
உப்பனாற்றுப் பக்கமிருந்து காற்று திரும்பியிருந்தது.
குடிகாட்டில் யாரும் மூக்கைப் பொத்துவதில்லை,
நாங்கள்தான் பஸ்ஸுக்குள் பொத்திக்கொள்கிறோம்.
அழுகின முட்டை, கொஞ்சம் நகப்பூச்சு,
பெயர் தெரியாத மூன்றாவது ஒன்று.
அது எந்தப் பட்டியலிலும் இல்லை.
ஈயமுத்திரை கிடையாது, கப்பல் தேதி கிடையாது,
இந்த ஊருக்குள் போக
எவரும் எவரிடமும் எழுதி வாங்கவில்லை.

சங்கொலிக்குப்பம் நிறுத்தத்தில் ஏறின பையன்
பக்கத்து சீட்டில் உட்கார்ந்து
மடியில் நோட்டை விரித்தான்.
"அக்கா, பேனா இருக்கா?
நாளைக்கு ஹோம்வொர்க்கு."
கொடுத்தேன்.
பஸ் குலுங்கும்போதெல்லாம் நிறுத்தி
மறுபடி எழுதினான்,
இருமிக்கொண்டு,
ஒரு பக்கம் முடிய.