பின்னணி

எங்கள் துறையில் அணு உலை இல்லை.
அதன் குறுக்குவெட்டுப் படம் ஒன்று இருக்கிறது,
மழைக்காலத்தில் ஓரம் சுருளும்.
அதைக் காட்டித்தான் நியூட்ரான்களைப் பெருக்குகிறேன்,
பதினோரு பேருக்கு,
செவ்வாயும் வியாழனும் முதல் மணி.

மற்ற நாட்களில் மலை.
பாறையும் மண்ணும் இயல்பாய் எவ்வளவு கதிரை விடுகின்றன என்று
ஏற்காட்டுச் சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவிலும்
நானும் பிர்தௌஸும் கருவியை இறக்கி வைத்து
பத்துப் பத்து நிமிடம் எண்ணுகிறோம்.
நிலம் அளக்க வந்தவர்கள் என்று நினைத்து
லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்காமல் விலகிப் போகிறார்கள்.

சார்னோகைட் சாதுவான பாறை.
வினாடிக்கு அறுபது. அறுபத்து மூன்று. ஐம்பத்தெட்டு.
இதற்குப் பின்னணி என்று பெயர்.
இதைவிடச் சலிப்பான எண்களுக்கு
யாரும் முனைவர் பட்டம் வாங்கியிருக்க மாட்டார்கள் என்பாள் பிர்தௌஸ்.

நாகலூரில் ஒரு டீக்கடை பெஞ்ச்.
கருவியை அணைக்க மறந்து
மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தோம்.
ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

நாலாயிரத்து நூற்றிருபது.

திரையில் ஒற்றைக் கோபுரம்,
முந்நூற்று அறுபத்து நான்கில்.
அயோடின் அல்லாமல் வேறெதுவும்
அந்த இடத்தில் அப்படி நிற்காது.
பிர்தௌஸ் துப்பட்டாவை இழுத்துத் திரையை மூடினாள்.
ஒரு மனிதரின் பெயருக்கு முன்னால்
அவர் கழுத்துக்குள் இருப்பதைத் தெரிந்துகொண்டுவிட்டோம்,
கதவு தட்டாமல் நுழைந்தவர்களைப் போல.

அவர்தான் சிரித்தார்.
"என்னப் பாத்துத்தான கத்துது?
ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தாங்க."

மாதையன். டவுன் பஸ் நடத்துநர். வீடு தாதகாப்பட்டி.
இரண்டரை வயதில் ஒரு மகள்.
"மூணு வாரம் தூக்கக் கூடாதுன்னாங்க.
வீட்ல இருந்தா தூக்கிருவேன்."
அதனால் மச்சான் காவல் பார்க்கும் காப்பித் தோட்டத்தில்,
சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே
ஒரு தகரக் கொட்டகை.

காலம், தூரம், தடுப்பு.
வருடாவருடம் கரும்பலகையில் எழுதுகிறேன்.
தூரம் இரட்டித்தால் கால்வாசி.
இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தாலே பெரும்பாலும் போதும்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவரோ நாற்பது கிலோமீட்டரையும்
நடுவில் ஒரு மலையையும் வைத்திருந்தார்.
எந்தத் தேர்விலும் யாரும் இப்படி விடை எழுதியதில்லை.

"அடுத்த வாரமும் வருவீங்களா?
எவ்வளவு எறங்கியிருக்குன்னு பாக்கலாம்."

ஆய்வுத் திட்டத்தில் இதற்குப் பத்தி இல்லை.
போனோம்.
அதே பெஞ்ச், அதே தூரம், பிர்தௌஸின் டேப்பால் அளந்தது.
ஆயிரத்து எழுநூற்று முப்பது.
அதற்கடுத்த வாரம் எழுநூற்று இருபது.
எட்டு நாளில் பாதி என்பது அயோடினின் கணக்கு,
உடம்பு தன் பங்குக்கு விரட்டுகிறது என்றேன்.
"விரட்டட்டும்" என்றார்,
கூட்டத்தில் டிக்கெட் கிழிக்கும் குரலில்.

நான்காவது வாரம் டாக்டர் சொன்னதல்ல.
அவரே போட்டுக்கொண்டது.
அன்று மழை. முந்நூற்றைந்து.
இன்னும் பின்னணி வரவில்லையே என்று கேட்டார்.
பின்னணிக்குள்தான் எல்லோரும் பிள்ளை தூக்குகிறோம்,
நீங்கள் போகலாம், என்றாள் பிர்தௌஸ்.
அவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்,
பஸ் அப்போதே கிளம்பிவிடும் என்பது போல.

ஆய்வேட்டில் ஒரே வரி:
நாகலூர், முதல் அளவீடு, விலக்கப்பட்டது.
நான்கு புள்ளிகளின் கோடு மட்டும்
பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது.
எங்கள் துறையில் எடுத்ததிலேயே நேரான கோடு.

இந்தப் பருவத் தேர்வில் பெயரில்லாமல் ஒரு கேள்வி வைத்தேன்:
இந்த எண்களைக் கொண்டு, நூறுக்குக் கீழே வர
எத்தனை நாள் ஆகும்?
பத்துப் பேர் இருபத்தொன்பதுக்கும் முப்பத்தொன்றுக்கும் நடுவே நின்றார்கள்.
பதினோராவது தாளில் முப்பது என்றிருந்தது, அடியில் பென்சிலால்:
மலையிலிருந்து இறங்கும் பஸ் நேரம் சேர்க்கவில்லை.

கேள்வியில் மலை இருந்ததா என்று
திரும்பிப் படித்துப் பார்த்தேன்.
இல்லை.
அரை மதிப்பெண் கூடுதலாகப் போட்டுவிட்டு
யாரிடம் கேட்பது என்று தெரியாமல்
பீரோவைத் திறந்து பார்த்தேன்.