இருபத்தோராம் கதவு

கல்யாணம் முடிந்து பதினொரு நாள்.
நாற்பத்தாறு ஜிபி வீடியோ
என் லெப்டொப்பில் கிடக்கிறது.
டோஹாவிலிருந்து ஜெசிந்தா அக்கா
ராவுக்கு ரா கேட்கிறார்:
"தங்கச்சி கழுத்துல தாலி ஏறினத
நான் எப்ப பாக்கிறது?"

போன தடவை அனுப்பிய பென் டிரைவ்
சுங்கத்தில் மூன்று வாரம் படுத்து
உடைந்து போய்ச் சேர்ந்தது.
ஆகவே சேர்வர் போடுகிறேன்,
மேற்பிரிவு, ஏழாம் லயம், நாலாம் காம்பிராவில்
அரிசிப் பெட்டிக்கு மேலே,
ஒழுகாத ஒரே மூலையில்.

வீட்டுக்குள் எல்லாம் சரி.
போனிலிருந்து கூப்பிட்டால்
லெப்டொப் "என்ன" என்கிறது.
வெளியிலிருந்து கூப்பிட்டால் பேச்சில்லை.

ரவுட்டருக்குள் போய்
இருபத்தோராம் கதவைத் திறந்து,
யார் வந்தாலும் லெப்டொப்பைக் காட்டு
என்று எழுதி வைத்தேன்.
யாரும் வரவில்லை.

ரவுட்டர் தன் முகவரி என்று ஒன்றைச் சொல்கிறது.
உலகம் எங்கள் முகவரி என்று வேறொன்றைச் சொல்கிறது.
பால் கணக்குக் கொப்பியில்
இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதியபோதுதான்
புரிந்தது:
எனக்கு மேலே இன்னொரு ரவுட்டர்.
ஹட்டனிலோ கொழும்பிலோ ஒரு பெட்டி
ஆயிரம் வீட்டை
ஒரே முகவரிக்குள் அடைத்து வைத்திருக்கிறது.

சிரிப்பு வந்தது.
இது எங்களுக்குப் புதுசா?
இருநூறு குடும்பத்துக்கும் ஒரே விலாசம்,
தோட்டத்து ஆபீஸ்.
என் பல்கலைக்கழகக் கடிதம் அங்கேதான் வந்தது.
பதிவு முடிந்து ஒன்பதாம் நாள்
கிளாக்கர் ஐயாவின் மேசை லாச்சியில் கிடைத்தது,
தேத்தண்ணிக் கோப்பை வைத்த வட்டத்தோடு.

கம்பனிக்கு அடித்தேன்.
வெளியே தெரிகிற முகவரி ஒன்று,
எனக்கென்று, மாறாமல், வேண்டும்.
"மாசத்துக்கு ஐந்நூறு கூட வரும், மிஸ்."
வரட்டும்.
"வீட்டு இலக்கம்?"
இல்லை.
"வீதி?"
இல்லை. ரோட்டிலிருந்து எண்பத்து மூன்று படி.
அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் நின்றது.
"ஏதாவது ஒரு நம்பர் போடணும், மிஸ்.
இல்லாட்டி சிஸ்டம் எடுக்காது."
அப்படித்தான் எங்கள் காம்பிரா
ஒன்றாம் இலக்கமானது.

பின்னேரம் ஐந்து மணிக்கு வந்தன,
நடுவே புள்ளி வைத்த நான்கு எண்கள்.
அம்மா எட்டிப் பார்த்தார்.
"இதுக்குக் காயிதம் போட்டா வருமா?"

பத்து நிமிஷம் ஆகவில்லை, யாரோ தட்டுகிறான்.
அட்மின் என்றான். ரூட் என்றான்.
ஒன்று இரண்டு மூன்று நான்கு
என்று கடவுச்சொல் சொன்னான்.
எங்கள் விலாசத்துக்கு வந்த முதல் ஆள்
கள்ளன்.
உடனே கோபிக்க மனம் வரவில்லை,
தேடி வந்திருக்கிறானே.
பிறகு அவனைத் தடுத்தேன்,
அவன் தம்பியை,
அவன் ஊரையே.

ராத்திரி ஜெசிந்தா அக்கா வந்தார்.
பெயர் சரி, கடவுச்சொல் சரி,
உள்ளே வந்து வாசலோடு நின்றுவிட்டார்.
ஒரு கோப்பும் தெரியவில்லையாம்.
ஒரு மணி நேரம் தேடினேன்.
எங்கே வந்து வாங்குவது என்று அவர் கேட்ட ஒவ்வொரு தடவையும்
என் சேர்வர்
வீட்டுக்குள் புழங்கும் விலாசத்தையே சொல்லியிருக்கிறது:
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, நூற்று அறுபத்தெட்டு…
டோஹாவில் நிற்கிறவரிடம்
"மாட்டுப் பட்டிக்கு மேல் லயம்" என்றால்
என்ன விளங்கும்?

வெளியாருக்கு வெளி விலாசம் சொல் என்று திருத்தினேன்.
கோப்புகள் போக
ஐம்பதாயிரத்திலிருந்து பதினொரு கதவு
கூடத் திறந்தேன்.
காம்பிராவுக்கு இருப்பது ஒன்றே ஒன்று.

பட்டியல் விழுந்தது.
ஒரு சதவீதம். இரண்டு.
பன்னிரண்டில் மழை.
முப்பத்தெட்டில் கரண்ட் போனது.

ரவுட்டரின் பச்சை விளக்கு மறுபடி ஏறியபோது
மணி நாலு பத்து.
அக்கா தூங்கியிருக்கவில்லை.
முப்பத்தொன்பது.
குரல் செய்தி ஒன்று வந்தது,
பின்னால் ஏசி இரைச்சல்:
"விலாசம் மாறிடிச்சா, தங்கச்சி?"

இல்லக்கா.
அதுக்குக் காசு கட்டியிருக்கு.