இடக்கை உறை

காலை ஆறு.
இசாஃபியோர்தூரில் பிப்ரவரிக்கு விடியும் எண்ணமே இல்லை.
உடை மாற்றும் அறையில் பொகுமிவா
ரொட்டியை மென்றபடி தகட்டிலிருந்து பிதுக்குகிறாள்
வெள்ளை மாத்திரை ஒன்று. இபுபுரூஃபன், நானூறு.
ஒரு மடக்கு ஆறிய காப்பி.

நேற்று அவள் மேசையைக் கடந்தது
எண்ணூறு கிலோ காட் மீன்.
பலகையில் எழுதியிருக்கிறார்கள்.
மணிக்கட்டும் எழுதி வைத்திருக்கிறது.

"வயிற்றில்தானே போடுகிறேன்,
கைக்கு எப்படி வழி கண்டுபிடிக்கிறது?"

கண்டுபிடிப்பதில்லை, பொகுமிவா.
கௌனஸில் இரண்டு வருடம் வேதியியல் படித்து
பாதியில் விட்டவள் சொல்கிறேன்:
அதற்கு விலாசம் தெரியாது.
ரத்தத்தின் புரதத்தில் தொற்றிக்கொண்டு
காதுமடல், கால் பெருவிரல்,
நீயே மறந்துபோன முழங்கால் தழும்பு
என்று எல்லா வாசலிலும் இறங்கிப் பார்க்கிறது.

கசங்கிய இடத்தில் ஒவ்வொரு செல்லும்
தன் சுவரிலிருந்தே கொஞ்சம் கொழுப்பைப் பிய்த்துக் கொடுக்கும்.
அதை வாங்கிச் சேதியாக்க ஒரு நொதி,
நொதிக்குள் ஒரு குறுகலான சந்து.
அந்தச் சேதி நரம்பிடம் போய் "வலி" என்று சொல்லாது.
நரம்பின் தோலை மெலிதாக்கும், அவ்வளவுதான்.
பிறகு
கத்தியின் கைப்பிடியும் கத்தி.

மாத்திரை அந்தச் சந்தில் போய் நிற்கிறது,
பேருந்துப் படிக்கட்டில் ஒரு தடித்த மனிதர்போல.
சண்டை கிடையாது. கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடுவார்,
இன்னொருவர் ஏறுவார்.
வயிற்றிலும் அதே நொதி உண்டு,
அங்கே அது உள்சுவருக்குப் பூச்சு வேலை பார்க்கிறது.
தடித்தவருக்கு அது தெரியாது. அங்கும் போய் நிற்பார்.
அதனால்தான் ரொட்டி,
அதனால்தான் தினமும் வேண்டாம் என்கிறேன்.

அவள் காதில் விழவில்லை.
கையுறைப் பெட்டியைத் துழாவுகிறாள்.
கத்தி வலக்கையில்; கிழிவது எப்போதும் இடக்கை உறை.
மிஞ்சிக் கிடப்பதெல்லாம் வலது.
ஒன்றை எடுத்து
விரல் விரலாக ஊதி
உள்ளை வெளியாக்கிப் புரட்டுகிறாள்.
இடது!

எனக்குக் கை ஓடவில்லை.

மாத்திரைக்குள்ளும் பாதி இடக்கை, பாதி வலக்கை,
கண்ணாடியில் பார்த்ததுபோல.
சந்துக்குள் ஒழுங்காய்ப் பொருந்துவது இடக்கை மட்டும்.
மிச்சத்தை உடம்பு வீசிவிடுவதில்லை.
கல்லீரல் உட்கார்ந்து, யாரும் சொல்லாமல்,
முக்கால்வாசியைப் புரட்டிப் போடுகிறது.
பேராசிரியர் இதைப் படம் வரைந்து காட்டிய அன்று
நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மணி அடிக்கிறது. ஹால்டோரா பட்டையை ஓடவிடுகிறாள்.
ஏழு மணிவரை பொகுமிவா
மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.
அப்புறம் பார்க்கவில்லை.

மதியம் மறுபடி பார்ப்பாள்.
மீன் வந்துகொண்டிருக்கும்.
பெட்டியில் இன்னும்
பதினேழு வலக்கை உறைகள்.